ஐம்பது டாலர் அபராதமும் ஒரு பண்டிகைக் கச்சேரியும்

குப்பை கொட்டியதற்காக ஒருவர் கைதாகி, அதையே பாட்டாக்கி ஐம்பது வருடத்துக்கு மேல் பாடிக்கொண்டிருந்தார் என்றால் நம்புவீர்களா? அவர் பெயர் ஆர்லோ கத்ரி. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியின் மகன்.

1965 நவம்பர். ஆர்லோவுக்கு வயது 18. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பழைய தேவாலயத்துக்குப் போகிறார். அதை வாங்கி வீடாக்கிக் குடியிருந்தவர்கள் ரே, ஆலிஸ் ப்ராக் தம்பதி. ஆர்லோ படித்த பள்ளியில் வேலை பார்த்தவர்கள். சாப்பிட்ட நன்றிக்கு, அங்கே சேர்ந்து கிடந்த குப்பையை வண்டியில் ஏற்றிக்கொண்டு நண்பருடன் கிளம்பினார். பண்டிகை நாள், குப்பைக் கிடங்கு பூட்டியிருந்தது. ஒரு மலைச்சரிவில் தள்ளிவிட்டு வந்துவிட்டார்கள். போலீஸ் பிடித்தது. ஆளுக்கு 25 டாலர் அபராதம், கொட்டியதையும் அள்ள வேண்டும். நீதிபதிக்குக் கண் தெரியாது என்பதால், போலீஸ் எடுத்த போட்டோக்களால் ஒரு பயனும் இல்லையாம்!

இதுவரை சிரிப்பு. இனிமேல்தான் விஷயம். அது வியட்நாம் போர்க் காலம். இளைஞர்களைக் கட்டாயமாக ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டின் பின்பாதியில் ஆர்லோ நியூயார்க்கில் ஆள் எடுக்கும் இடத்துக்குப் போகிறார். முன்பு கைதானது உண்டா என்று கேட்கிறார்கள். குப்பைக் கேஸைச் சொன்னதும் தனி பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறார்கள். போரில் ஊர்களை அழிக்கப் போகிறவனுக்குக் குப்பை கொட்டாத ஒழுக்கம் வேண்டுமாம்! இந்தக் கிண்டல்தான் பாட்டின் உயிர்.

'ஆலிஸஸ் ரெஸ்டாரன்ட்' 1967ல் இசைத்தட்டாக வந்தது. 18 நிமிடத்துக்கு மேல் நீளம். பெரும்பகுதி பாட்டே இல்லை, கிட்டார் ஓடிக்கொண்டிருக்க கதை சொல்வார். நடுநடுவே பல்லவி வரும்போது கூட்டத்தையும் பாடச் சொல்வார். 1969ல் படமாகவும் வந்தது. அதில் அவரைக் கைது செய்த அதே போலீஸ்காரரும் அதே நீதிபதியும் தாங்களாகவே நடித்தார்கள். ஆலிஸுக்கு மட்டும் படம் தன்னைக் காட்டிய விதம் பிடிக்கவில்லை.

பிறகு அது பண்டிகைப் பாட்டாகிவிட்டது. தேங்க்ஸ்கிவிங் அன்று பல வானொலிகள் முழுப் பாட்டையும் ஒலிபரப்பும். அந்த வார இறுதியில் நியூயார்க் கார்னெகி ஹாலில் ஆர்லோவின் கச்சேரி பல வருடங்கள் நடந்தது. அப்பாவின் நண்பர் பீட் சீகரும் அதில் சேர்ந்து பாடியிருக்கிறார். 2013ல் 94 வயதிலும் அந்த மேடை ஏறினார். அடுத்த ஜனவரியில் காலமானார்.

ஒரு வேடிக்கை, எல்லா வருடமும் ஆர்லோ அந்த நீளப் பாட்டைப் பாடமாட்டார். பத்து வருடத்துக்கு ஒருமுறை, அதன் ஆண்டு நிறைவை ஒட்டித்தான் எடுப்பார். பி.காம் படிக்கும் எனக்கு இது புரிகிறது: சரக்கு குறைந்தால் மதிப்பு கூடும் :-)

கார்னெகி ஹால் கச்சேரி 2019ல் முடிந்தது. பக்கவாதம் தாக்கிய பின், 2020 அக்டோபரில் ஆர்லோ கச்சேரிப் பயணங்களை நிறுத்துவதாக அறிவித்தார். ஆலிஸ் 2024 நவம்பரில், பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு இறந்தார்.

பண்டிகை என்றால் கவலையை மறப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே குடும்பம் குடும்பமாக வந்து, சிரித்துக்கொண்டே ஒரு போரை நினைவில் வைத்திருக்கிறார்கள். 50 டாலர் அபராதத்தில் இவ்வளவு வரவு வைத்த கணக்கை நான் பார்த்ததில்லை.