வீட்டுக்குக் கெமரா: பூட்ட முன் யோசிக்க வேண்டியவை

எமது ஊர்களில் வீடு கட்டி முடித்ததும் கேற்றுக்கு மேலே ஒரு சிசிடிவி கெமரா பூட்டுவது வழமையாகிவிட்டது. ஜும்ஆ நேரத்திலும் தராவீஹ் நேரத்திலும் பல வீடுகள் ஆளில்லாமல் இருக்கின்றன. பல குடும்பங்களில் ஆண்கள் வெளிநாட்டில் தொழில் பார்க்கின்றனர். ஆகவே பாதுகாப்பைத் தேடுவதில் தவறில்லை. ஆனால் அநேகர் கடைக்குப் போய் "நாலு கெமரா என்ன விலை?" என்றுதான் கேட்கிறார்கள். எதைப் பார்ப்பதற்குக் கெமரா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. விஞ்ஞானம் கற்பிப்பவன் என்பதால் உறவினர்களும் மாணவர்களின் பெற்றோரும் இது பற்றி என்னிடம் விசாரிப்பதுண்டு. அவர்களுக்குச் சொல்வதையே இங்கு ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

முதலில் வளவை வரையுங்கள்

ஒரு தாளில் வீட்டையும் மதிலையும் வரையுங்கள். கேற், முன்வாசல், குசினிக் கதவு, பக்கத்துச் சந்து, கூரையைத் தொடும் மரக்கிளை எல்லாவற்றையும் குறியுங்கள். ஒருவன் எந்த வழியால் உள்ளே வரலாம் என்பது அப்போது தெரியும். கெமரா திருடனைப் பிடித்து வைக்காது, நடந்ததைக் காட்டும். அவ்வளவுதான். குசினிக் கதவின் தாழ்ப்பாள் ஆடுகிறது என்றால் முதல் செலவு அதற்கு. பின்புறம் இருட்டாக இருந்தால் அடுத்த செலவு ஒரு மின்குமிழுக்கு. அதன் பின்னர்தான் கெமரா. சாதாரண வீட்டுக்கு கேற், முன்வாசல், பின்வாசல் ஆகிய மூன்றையும் சரியாகப் பார்க்கும் மூன்று கெமராக்கள் போதும்.

முகம் தெரியும் தூரம்

கெமராவில் ஆள் தெரிவது ஒன்று, முகம் தெரிவது வேறொன்று. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு ஏறத்தாழ 250 பிக்சல்கள் விழ வேண்டும் என்பது பரவலாகப் பயன்படும் அளவுகோல். 1080பி கெமராவின் படம் 1920 பிக்சல் அகலமானது. இதை 250 ஆல் வகுத்தால் 7.7 மீற்றர் வரும். அதாவது, கெமரா பார்க்கும் பரப்பு 7.7 மீற்றரை விட அகன்றால் முகம் தெளிவாகப் பதியாது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 2.8 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 100 பாகை அகலத்தைப் பார்க்கும். அதில் இந்த எல்லை மூன்று மீற்றரைச் சற்றுத் தாண்டியதும் முடிந்துவிடும். 4 மில்லிமீற்றர் வில்லை என்றால் நாலரை மீற்றர் வரை போகும். ஆகவே முழு வளவையும் ஒரே கெமராவால் காட்டுவதாக யாராவது சொன்னால், அதில் ஆள் நடமாட்டம் தெரியும், ஆள் யாரென்று தெரியாது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

உயரமும் இடமும்

இரண்டரை முதல் மூன்று மீற்றர் உயரம் பொருத்தமானது. அதற்கு மேலே போனால் தொப்பிதான் தெரியும். காலைச் சூரியனையோ மாலைச் சூரியனையோ நேரே பார்க்கும் திசையைத் தவிருங்கள். வெள்ளைச் சுவரை ஒட்டியோ கூரை விளிம்புக்கு மிக அருகிலோ பூட்டினால், இரவில் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் தெறித்து படம் வெளுத்துவிடும். சிலந்திவலையும் அதே கோலத்தைத்தான் உண்டாக்கும், மாதமொரு முறை துடையுங்கள். வெளியில் பூட்டுவதற்கு ஐபி66 அல்லது ஐபி67 தரத்தைக் கேட்டு வாங்குங்கள். கரையோர ஊர்களில் உப்புக்காற்று வயர் மூட்டுகளை அரித்துவிடும். அவற்றை நீர் புகாத பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

பதிவும் மின்சாரமும்

ஒரு கெமரா செக்கனுக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிகாபைட் செலவாகும். நான்கு கெமராக்களுக்கு 86 ஜிகாபைட். ஒரு டெராபைட் ஹாட் டிஸ்க்கில் பதினொரு நாட்கள் அளவில்தான் பதிவு நிற்கும், அதன் பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். இரண்டு வாரப் பயணம் போகிறவர்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மின்சாரம் போனால் கெமராவும் கண்ணை மூடிவிடும். பதிவுப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் கெமராக்களுக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ் அவசியம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமின்னல் கடுமையானது. வெளியிலிருந்து வரும் நீண்ட வயர் மின்னலின் தாக்கத்தை உள்ளே கொண்டுவரும். அதற்கான பாதுகாப்புச் சாதனத்தையும் பொருத்துங்கள்.

பதிவுப் பெட்டியில் நேரம் சரியா என்பதையும் பாருங்கள். நேரம் பிழையான பதிவைப் பொலிஸாரிடம் கொடுத்தால் கேள்விகள்தான் மிஞ்சும். பதிவைப் பிரதி எடுக்கும் முறையை வீட்டில் இருவராவது பழகியிருக்க வேண்டும். பூட்டிய அன்றிரவே ஒருவரை கேற்றிலிருந்து வாசல் வரை நடக்க விட்டு, முகம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

கடவுச்சொல்

2016 இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால் உலகெங்கும் இலட்சக்கணக்கான கெமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. பூட்ட வந்தவர் வைத்த கடவுச்சொல்லை அவர் போன உடனேயே மாற்றுங்கள். அவரது கைத்தொலைபேசியில் உங்கள் வீடு இன்னும் திறந்திருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

அயலவரும் வீட்டாரும்

கெமரா அயல் வீட்டு ஜன்னலையோ கிணற்றடியையோ பார்க்கக் கூடாது. திசையை மாற்ற முடியாவிட்டால் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான கெமராக்களில் உண்டு. பூட்ட முன் அயலவரை அழைத்துத் திரையைக் காட்டிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியாள் முற்றிலும் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. ஆகவே இங்கே எல்லை போட வேண்டியவர்கள் நாங்கள்தான். துருவித் துருவி ஆராய்வதை ஸூரா ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தடுத்திருப்பது நமக்குத் தெரியாததல்ல.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் சிலர் வீட்டு ஹோலிலும் குசினியிலும் கெமரா பூட்டி, மனைவியும் தாயும் என்ன செய்கிறார்கள் என்று கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். பெண்கள் தமது வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்கப் பர்தாவோடு இருக்க வேண்டியதாகிறது, அந்தக் காட்சி வேறு யார் கையிலும் போய்ச் சேராது என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. கெமரா வெளியே இருந்து வருபவனைப் பார்க்கட்டும். உள்ளே இருப்பவர்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் ஓர் அழைப்பு எடுத்துக் கேட்கலாம். எங்கே கெமரா வைப்பது, யார் பார்ப்பது என்பதை வீட்டுப் பெண்களோடு பேசி முடிவெடுங்கள். அந்த வீட்டில் அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான்.