"வண்டிக்கு மூளை போயிடுச்சு சார்": இன்ஜின் கம்ப்யூட்டரின் கதை

1/ மக்களே, இன்னைக்கு கொஞ்சம் நீளமான இழை. வழக்கமா உடம்பைப் பத்தி எழுதுவேன், இது காரைப் பத்தி. முழுசா படிங்க, ரெண்டும் ரொம்ப தூரத்துல இல்லன்னு உங்களுக்கே தெரியும்.

2/ சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல என் கிளினிக்குக்கு ஒரு கால் டாக்ஸி ஓட்டுநர் வந்தார் (அவர் அனுமதியோடதான் எழுதுறேன்). பிரஷர் 170/100. மாத்திரை ஒழுங்கா போடுறவர். "ஒன்பது நாளா தூக்கம் இல்ல சார். வண்டி ரோட்டுல ஆஃப் ஆகி, அப்புறம் ஸ்டார்ட்டே ஆகல. மூளை போயிடுச்சு, மாத்த 68 ஆயிரம்னு சொல்லிட்டாங்க. டியூ வேற பாக்கி இருக்கு."

3/ அவர் சொன்ன மூளைக்குப் பேரு ஈ.சி.யூ. நம்ம பட்டறைகள்ல ஈ.சி.எம்.னும் சொல்வாங்க. ஒரு சின்ன அலுமினியப் பெட்டி. எவ்வளவு காத்து போகுது, இன்ஜின் எவ்வளவு சூடு, கிராங்க் எந்த இடத்துல சுத்துதுன்னு சென்சார்கள் சொல்லும். அதைக் கேட்டு, எவ்வளவு எரிபொருள், எந்த நொடியில் என்று இந்தப் பெட்டி முடிவெடுக்கும்.

4/ எங்க தாத்தா காலத்து அம்பாசடருக்கு இது கிடையாது. கார்புரேட்டரைத் திருகி மெக்கானிக் காதாலயே கேட்டு டியூன் பண்ணுவார். அப்புறம் எதுக்குக் கம்ப்யூட்டர் வந்துச்சு? வேகத்துக்காகவோ சொகுசுக்காகவோ வரல. நம்ம நுரையீரலுக்காக வந்தது.

5/ 1940-கள்ல லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை ஒரு மூட்டம் மூடுச்சு. கண் எரியும், இருமல் நிக்காது. ஆரி ஹாகன்-ஸ்மிட்ங்கிற வேதியியலாளர் 1950-களோட தொடக்கத்துல காரணத்தைக் கண்டுபிடிச்சார்: கார் புகையில இருக்கிற வாயுக்கள் வெயில்ல சேர்ந்து ஓசோனா மாறுது. அதாவது நோய்க்குக் காரணம் ரோட்டுல ஓடுது.

6/ 1970-ல அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. கார் புகையில் முக்கியமான நச்சுகளை 90 சதவீதம் குறைக்கணும்னு கம்பெனிகளுக்கு உத்தரவு. புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. மூணு வகை நச்சையும் ஒண்ணா அது சுத்தம் பண்ணணும்னா பெட்ரோல் 1 பங்குக்குக் காத்து 14.7 பங்கு இருக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

7/ இதைக் கார்புரேட்டரால் நொடிக்கு நொடி பிடிச்சு வைக்க முடியாது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-லயே ஃபோக்ஸ்வேகன் 1600-ல மின்னணு முறையில் பெட்ரோல் பீய்ச்சிக் காட்டியிருந்தது. 1970-களோட நடுவுல புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்குற சென்சார் வந்துச்சு. 1979-ல பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே டிஜிட்டல் பெட்டி கவனிச்சது. இன்னைய ஈ.சி.யூ.வுக்கு அதுதான் முன்னோடி.

8/ நம்ம ஊருக்கு எப்போ? 1999 ஏப்ரல்ல, டெல்லி காற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. தலைநகர் பகுதியில் புதுக் கார்கள் ஜூன் 1 முதல் யூரோ 1, அடுத்த வருஷம் ஏப்ரல் 1 முதல் யூரோ 2 விதிக்கு உட்படணும். அதுக்கப்புறம்தான் மாருதி 800-ல்கூட கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6. இப்போ நாமக்கல்ல பாடி கட்டி வெளிய வர்ற புது லாரியிலும் கம்ப்யூட்டர் இருக்கு.

9/ மூளை வந்ததும் கூடவே ஒரு கேஸ் ஷீட்டும் வந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கிற எல்லாக் காரிலும் ஒரே மாதிரி 16 ஊசி சாக்கெட், ஒரே மாதிரி கோளாறு எண்கள். இதுதான் ஓ.பி.டி. 2. இந்தியாவில் 2010-ல முதல் கட்டம், 2013-ல ரெண்டாம் கட்டம். ஸ்டியரிங்குக்குக் கீழ கைவிட்டுப் பாருங்க, அந்த சாக்கெட் உங்க கார்லயும் இருக்கும்.

10/ இங்கதான் ஒரு பெரிய தப்பு ஆரம்பிக்குது. கோளாறு எண்ணை நோயின் பேருன்னு நினைச்சுக்கறோம். அது நோயாளி சொல்ற தொந்தரவு, அவ்வளவுதான். இடது கை வலிக்குதுன்னு வர்றவருக்கு நான் கையை மட்டும் பார்த்து அனுப்பினா, மாரடைப்பைத் தவற விட்டுடுவேன்.

11/ பி 0171-னு ஒரு எண் வரும். "பெட்ரோல் பத்தல, காத்து அதிகம்"னு அர்த்தம். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாத்துவாங்க. பல நேரம் எங்கேயோ ஒரு ரப்பர் குழாய் வெடிச்சு காத்து திருட்டுத்தனமா உள்ள போயிட்டு இருக்கும். சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும், பாவம் தண்டனை அதுக்கு.

12/ சரி, நம்ம ஓட்டுநருக்கு வருவோம். "மூளை போச்சுன்னு எதை வச்சு சொன்னாங்க?"ன்னு கேட்டேன். "ஸ்கேனர் போட்டாங்க, வண்டி பேசவே மாட்டேங்குது"ன்னார். எனக்கு உடனே எமர்ஜென்சி வார்டுதான் ஞாபகம் வந்தது. மயக்கமா கொண்டு வர்றவங்களுக்கு எடுத்ததும் மூளை ஸ்கேன் எழுத மாட்டோம். முதல்ல மூச்சு, நாடி, சர்க்கரை. சர்க்கரை 30 இருந்தா, குளுக்கோஸ் ஏத்தினா எழுந்து உட்கார்ந்துடுவார்.

13/ காருக்கும் அந்த வரிசை உண்டு. பேட்டரி வோல்ட்டேஜ். ஃபியூஸ், மெயின் ரிலே. சாவி போட்டதும் செக் இன்ஜின் லைட் எரியுதா? எரியலன்னா பெட்டிக்கு கரண்ட் போகுதா, எர்த் சரியா இருக்கா? எர்த் ஒயர் துருப்பிடிச்சா நல்ல மூளையும் செத்த மாதிரிதான் தெரியும். எலி கடிச்ச ஒயரையும் மறக்காதீங்க.

14/ இன்னும் ஒண்ணு. பல சென்சார்களுக்கு ஈ.சி.யூ. 5 வோல்ட் அனுப்பும், ஒரே லைன்ல நிறைய சென்சார் தொங்கும். அதுல ஒண்ணு ஷார்ட் ஆனா மொத்த லைனும் படுத்துடும். விவரம் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் மீட்டரை வச்சுக்கிட்டு சென்சார்களை ஒவ்வொண்ணா கழட்டுவார். எதைக் கழட்டும்போது 5 வோல்ட் திரும்புதோ, அங்கதான் திருடன்.

15/ இதையெல்லாம் பார்த்தாங்களான்னு அவருக்கே தெரியல. தெரிஞ்ச ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட ரெண்டாவது கருத்து கேட்கச் சொன்னேன். நாலு நாள் கழிச்சு போன் வந்தது. ஒரு சென்சார் ஒயர் தோல் உரிஞ்சு இன்ஜின்ல உரசியிருக்கு. ஒயரை மாத்தி உறை போட்டதும் வண்டி ஸ்டார்ட். செலவு ரெண்டாயிரத்துக்குள்ள. அடுத்த தடவை வந்தப்போ பிரஷர் 136/84.

16/ அதுக்காக ஈ.சி.யூ. சாகவே சாகாதுன்னு இல்ல. தண்ணி புகுந்தா போகும். பேட்டரியைத் தலைகீழா மாட்டினா போகும். அப்போ மாத்தித்தான் ஆகணும். ஆனா அது பல்பு மாத்துற வேலை இல்ல, உறுப்பு மாற்று சிகிச்சை. பழைய இரும்புக் கடையில அதே மாடல் பெட்டி வாங்கி மாட்டினா பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகாது. சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் "நீ யாரு?"ன்னு தடுத்துடும். டீசல் வண்டின்னா இன்ஜெக்டர் எண்களையும் புதுப் பெட்டிக்குச் சொல்லித் தரணும்.

17/ அந்தச் சொல்லித் தரும் கருவியும் சாஃப்ட்வேரும் யார் கையில? இதுதான் பெரிய சண்டை. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. காரணம்? உதிரி பாகங்களையும் நோய் கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடலை என்பது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க.

18/ அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லயே கார் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் போட்டது. நம்ம மத்திய அரசு 2022 டிசம்பர்ல பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு இணையதளம் தொடங்கியது. அதுல வாகனங்களும் ஒரு பிரிவு.

19/ வெளியாள் பார்வை ஏன் வேணும்? 2015-ல ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களின் கம்ப்யூட்டர், சோதனை நேரத்தில் மட்டும் யோக்கியமா நடிச்சது உலகத்துக்கே தெரிஞ்சது. அதுக்கு வழி செஞ்சது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காரை நிஜ ரோட்டுல ஓட்டி அளந்தவங்க. நுரையீரலுக்காக வந்த மூளையே பொய் சொல்லும்னா, கேஸ் ஷீட்டை ஒருத்தர் கையில மட்டும் பூட்டி வைக்கலாமா?

20/ கடைசியா. "ஈ.சி.யூ. மாத்தணும்"னு சொன்னா சண்டை போடாதீங்க, மூணே கேள்வி கேளுங்க. ஒண்ணு: என்ன கோட் வந்தது, எழுதிக் கொடுங்க. ரெண்டு: பேட்டரி, எர்த், 5 வோல்ட் பார்த்தாச்சா? மூணு: புதுப் பெட்டிக்குக் கோடிங் செலவும் இந்தத் தொகையில சேர்ந்துடுச்சா?

21/ எங்க ப்ரொஃபசர் வார்டுல திரும்பத் திரும்ப சொல்வார்: ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்க்காதே, ஆளைப் பார். அது காருக்கும் பொருந்தும்னு ஒரு கால் டாக்ஸி ஓட்டுநர் எனக்குக் காட்டினார். டியூ கட்டிக்கிட்டு வண்டி ஓட்டுற உங்க நண்பர்களுக்கு இந்த இழையை அனுப்புங்க.