விடுமுறை நாளும் பனிப்பாய்ச்சற் போட்டியும்

ஆல்ப்சு மலைச்சாரலிலே ஆண்டுதோறும் பனிக்காலத்தில் நடைபெறுவது நான்மேடைப் போட்டி. உயர்ந்த சரிவொன்றிலிருந்து சறுக்குக் கட்டைகளுடன் விரைந்திறங்கி, மேடை விளிம்பினின்று வானிற் பாய்ந்து, கீழுள்ள பனிச்சரிவில் வந்திறங்கும் வீரரின் தூரமும் பாங்கும் இதில் மதிப்பிடப்படும். பவேரியா மாநிலத்து ஓபர்ஸ்டோர்ஃப், பார்ட்டன்கேர்சன், ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக், பிஷொஃப்ஸ்ஹோஃபன் என்னும் நான்கு ஊர்களின் கழகங்கள் 1952 இல் கூடி வகுத்த இப்போட்டி, 1953 சனவரியில் முதன்முறை நிகழ்ந்தது.

அம்முதலாண்டின் நாட்களை உற்றுநோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். சனவரி 1 புத்தாண்டு, 4 ஞாயிறு, 6 மூவிராசர் திருநாள், 11 மீண்டும் ஞாயிறு. நான்கும் ஓய்வு நாட்களே. சனிக்கிழமையும் வேலை நாளாயிருந்த அக்காலத்தில், தொழிலாளரும் கமக்காரரும் குடும்பத்தோடு பாய்மேடையடியிற் கூடுதற்கு வேறு நாள் ஏது? பார்ட்டன்கேர்சனில் புத்தாண்டுப் பாய்ச்சல் 1922 முதலே வழக்கிலிருந்தது. புதிய போட்டி அவ்வழக்கைத் தன்னுட் சேர்த்துக்கொண்டது.

இவற்றுள் 6 ஆம் நாளே பெரிதும் ஆராயத்தக்கது. கிழக்கிலிருந்து வந்த ஞானியர் மூவர் குழந்தை இயேசுவை வணங்கியதை நினைவுகூரும் இத்திருநாள் ஒஸ்திரியா முழுவதும் பொது விடுமுறை. ஜேர்மனியிலோ பவேரியா முதலிய சில மாநிலங்களில் மட்டுமே அவ்வாறு. வடபகுதியார்க்கு அது வெறும் வேலை நாள். எனவே, எல்லைக்கோட்டுக்கு இருமருங்கும் வாழ்ந்த கத்தோலிக்க மக்களை, அரசுகள் வகுத்த பிரிவினும் பழைமையான நாட்காட்டி ஒன்றே இணைத்து நின்றது.

அரசுகளின் நிலையாமைக்கு முதலாண்டு வெற்றியாளரான செப் பிராடிலின் வாழ்வே சான்று. 1936 இல் பிளானிக்காவில் உலகில் முதன்முதலாக நூறு மீற்றரைக் கடந்து பாய்ந்தபோது அவர் ஒஸ்திரியர். 1938 இல் அந்நாடு ஜேர்மனியுடன் இணைக்கப்பட்டமையால், 1939 இல் உலக வாகைசூடியபோது ஜேர்மனியின் வீரர். 1953 இலோ மீண்டும் ஒஸ்திரியர். அதுவும் நேசநாட்டுப் படைகளின் ஆட்சிக்குட்பட்ட ஒஸ்திரியர். அன்று இன்ஸ்புரூக் பிரெஞ்சுப் பகுதியிலும் பிஷொஃப்ஸ்ஹோஃபன் அமெரிக்கப் பகுதியிலும் இருந்தன. அவ்வாட்சி நீங்கியது 1955 இலேயே. இத்தனை மாற்றத்திடையும் மூவிராசர் திருநாள் மட்டும் தன் இடத்தில் இருந்தது.

பின்னர், ஓபர்ஸ்டோர்ஃபின் முறை ஆண்டிறுதிக்கு முன்னகர, 6 ஆம் நாள் பிஷொஃப்ஸ்ஹோஃபனின் இறுதிப் பாய்ச்சலுக்கு உரியதாயிற்று. நத்தார்க்கும் மூவிராசர் திருநாளுக்கும் இடைப்பட்ட பள்ளி விடுமுறைக்குள் போட்டி முழுவதும் அடங்கியது.

நோர்வேயின் நிலை இதற்கு நேர்மாறு. 1892 முதல் ஹொல்மென்கொல்லனில் நடைபெற்றுவரும் போட்டிக்கெனச் சட்டம் எவ்விடுமுறையும் அளித்ததில்லை. ஆயினும் அரச குடும்பத்தினரும் வந்து காணும் அந்த ஞாயிறு, மே 17 இற்கு அடுத்த இரண்டாம் தேசியத் திருநாள் என மக்களாற் போற்றப்படுகின்றது. அங்கே விளையாட்டுத் திருநாளைப் படைத்தது. ஆல்ப்சிலோ திருநாள் விளையாட்டுக்கு இடமளித்தது.

காற்றும் பனியும் மனிதர் வகுத்த அட்டவணைக்குப் பணிவனவல்ல. 2008 இல் கடுங்காற்றினால் இன்ஸ்புரூக்கிற் பாய இயலாதுபோகவே, அப்பாய்ச்சல் பிஷொஃப்ஸ்ஹோஃபனுக்கு மாற்றப்பட்டது. 2022 இலும் அவ்வாறே நேர்ந்தது. இருமுறையும் மாற்றுப் பாய்ச்சலை 5 ஆம் நாள் நடத்தி முடித்தனர். இறுதிப் பாய்ச்சல் 6 ஆம் நாளே நிகழ்ந்தது.