ஒட்டாகோ தீபகற்பம்

நியூசிலாந்தின் தென்தீவில், டனீடன் நகரின் ஓரத்திலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம் பசிபிக் மகாசமுத்திரத்தினுள் நீண்டு கிடக்கும் இத்தீபகற்பம், ஆதிகாலத்தில் அக்கினியைக் கக்கி அணைந்துபோன எரிமலை ஒன்றின் எச்சமாகும். இதன் கோடியிலுள்ள டயரோவா முனையில் மாவோரி மக்கள் புக்கெகுரா என்னும் அரண்சூழ்ந்த குடியிருப்பை அமைத்து வாழ்ந்தனர். 1831இல் வெல்லர் சகோதரர்கள் அருகில் திமிங்கில வேட்டைத்தளம் ஒன்றை ஸ்தாபித்தனர்.

1885இல் ஆப்கானிஸ்தானத்து எல்லையில் ருஷ்யாவுக்கும் பிரிட்டனுக்கும் முற்றிய பகை இத்தொலைதூரக் கரையிலும் பீதியை விளைவிக்கவே, முனையின் குன்றைக் குடைந்து சுரங்கப் பாதைகளும் பீரங்கி மேடைகளும் அமைக்கப்பட்டன. அவற்றுள் 1889இல் நிறுவிய ஆறு அங்குல ஆம்ஸ்ட்ராங் பீரங்கி விசேஷமானது. சுட்டவுடன் பின்னுதைப்பின் வேகத்தாலேயே அது குழிக்குள் அமிழ்ந்துவிடும். வீரர்கள் பகைவர் கண்ணுக்குத் தெரியாமல் கீழிருந்தே குண்டேற்றியபின் மீண்டும் மேலெழும். எதிர்பார்த்த ருஷ்யக் கப்பல்கள் வரவேயில்லை. பீரங்கி இன்றும் தன் குழியிலேயே இருக்கிறது.

ஆயினும் இம்முனையின் சரித்திரத்தில் மேலான அத்தியாயம் பறவைகளுடையது என்றே கொள்ளவேண்டும். விரித்த சிறகு மூன்று மீட்டர் வரை அகலும் ராஜ அல்பட்ராஸ் இங்கு இட்ட முதல் முட்டை 1920இல் காணப்பட்டது. பின்வந்த ஆண்டுகளிலோ முட்டைகளை மனிதர் கவர்ந்தனர், குஞ்சுகள் பிராணிகளுக்கு இரையாயின. லான்ஸ் ரிச்டேல் என்னும் ஆசிரியர் கூடாரமடித்துத் தங்கிக் காவல் காத்ததன் பலனாக, 1938இல் முதற்குஞ்சு கடல்மேல் பறந்துசென்றது. 1937இல் ரிச்டேல் தம் கையால் காலில் வளையமிட்ட பெண்பறவை ஒன்று, 'பாட்டி' என்று எல்லோராலும் அழைக்கப்பட்டு, அறுபது பிராயம் கடந்தபின்னும் குஞ்சு வளர்த்தது. தனியொரு மனிதரின் பொறுமையால் விளைந்த இப்பறவைக் குடியிருப்பை எந்தக் கோட்டையினும் உயர்ந்த அரணாக மதிக்கலாம்.

கடற்சிங்கங்களும், உலகின் மிக அரிய பெங்குவின்களுள் ஒன்றான மஞ்சட்கண் பெங்குவினும் இக்கரையில் வாழ்கின்றன. அந்தி வேளையில் கரையேற வரும் அப்பெங்குவின், மணலில் மனிதர் நிற்கக் கண்டால் அஞ்சிக் கடலிலேயே தங்கிவிடும். அதன் குஞ்சுகளோ கூட்டில் பசியோடு காத்திருக்கும். ஆதலின் இங்கு வரும் யாத்திரிகர் குறித்த மறைவிடத்திலிருந்து மட்டுமே பார்த்து, கடற்கரையை அதற்கு விட்டுக்கொடுப்பாராக.