புதுச்சேரி நாட்குறிப்புகளும் ஊர் வரலாறும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவார் கல்வெட்டு, செப்பேடு, அரசாங்க ஆவணம் ஆகியவற்றையே பெரிதும் நாடுவர். ஊரில் வாழ்ந்தோர் தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் நாள்தோறும் எழுதிவைத்த ஏடுகள் நம் நாட்டில் மிக அரியன. அவ்வரிய பேறு பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரிக்கு வாய்த்தது. அவ்வேடுகளைத் தனித்தனியே காணாது ஒருங்கு வைத்து நோக்குதலே எம் கருத்து.

முதலாவது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. அது 1736 செப்டம்பரில் தொடங்கி, இடையிடையே விடுபாடுகளுடன், 1761 சனவரி வரை செல்கின்றது. அவர் குடும்பத்தவரான ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை 1761 முதல் 1768 வரை எழுதினார். இரண்டாம் வீராநாயக்கரின் குறிப்பு 1778 முதல் 1792 வரையிலும், முத்து விஜய திருவேங்கடம் பிள்ளையின் குறிப்பு 1794 முதல் 1796 வரையிலும் அமைந்துள்ளன.

இவ்வாண்டுகளை உற்று நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஆங்கிலேயர் 1748, 1760-61, 1778, 1793 ஆகிய ஆண்டுகளில் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். முதல் முற்றுகை தோல்வியுற்றது. ஏனைய மூன்றிலும் ஊர் வீழ்ந்தது. 1761இல் கோட்டையும் மாளிகைகளும் இடித்துத் தகர்க்கப்பட்டன. எனவே பிள்ளையவர்கள் பழகிய நகரம் இன்று கல்லிலும் சுண்ணாம்பிலும் இல்லை. பெரும்பாலும் எழுத்திலேயே உளது.

கப்பல் வரவும் துணி வாணிகமும் அவர் குறிப்பில் நிறைந்துள்ளன. எனினும் 1748 முற்றுகைக் காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட பகுதியே எம்மைப் பெரிதும் ஈர்ப்பது. பிள்ளையவர்கள் வைணவர், கவர்னர் துய்ப்ளேக்கு நெருங்கிய துபாசி. ஆயினும் ஊராரின் கலக்கத்தையும், மகாநாட்டாரின் தடுமாற்றத்தையும், தம் துயரையும் அவர் மறைத்தாரல்லர். தடுக்க இயலாத தீங்கை மறக்கவொண்ணாதபடி எழுதிவைத்தார் என்க.

இவற்றின் நடை பேச்சு வழக்கினை ஒட்டியது. பாரசீக, போர்த்துக்கீசிய, பிரெஞ்சுச் சொற்கள் விரவியது. இலக்கணப் பிழை மலிந்ததெனக் கூறி இதனை இலக்கிய வரலாற்றினின்று ஒதுக்குதல் பொருந்தாது. துறைமுக நகரத் தமிழர் உண்மையில் வழங்கிய மொழிக்கு இவ்வேடுகளினும் நெருங்கிய சான்று கிடைத்தல் அரிது.

ஒரு வரையறையும் உண்டு. எழுதியோர் அனைவரும் செல்வமோ பதவியோ உடைய ஆடவர். நெசவாளர், அடிமைகள், பெண்டிர் ஆகியோர் இவர்தம் வாய்மொழி வழியாகவே தோன்றுகின்றனர். ஆதலின் ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடும், பிரெஞ்சு ஆவணங்களோடும் ஒப்பிட்டே துணிதல் முறை.

பிள்ளையவர்களின் ஏடுகள் கலுவா மொம்பிரேன் என்பவரால் 1846இல் வெளிப்பட்டன. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. வீராநாயக்கர் குறிப்போ 1992இலேதான் தமிழில் அச்சேறியது. இவ்விடைவெளி நமக்கு ஓர் எச்சரிக்கை. பிற ஊர்களிலும் வீட்டுப் பெட்டிகளில் கணக்கேடுகளும் கடிதங்களும் உறங்குதல் கூடும். செல்லுக்கு இரையாகுமுன் அவற்றைத் தேடித் தொகுத்தல் ஆராய்ச்சியாளர் கடனாகும்.