கருணைத் தொகையும் உரிமைத் தொகையும்: வடசென்னைக் கரையில் நீர்விபத்துப் பொறுப்பின் சட்ட வரலாறு

எண்ணூர்க் கடலில் குளிக்கப் போனவர் மூழ்கி இறந்தால், மறுநாள் நாளிதழ்ச் செய்தியின் கடைசி வரியில் 'முதலமைச்சரின் பொது நிவாரண நிதியிலிருந்து' என்ற தொடரைப் பலமுறை படித்திருக்கிறோம். அதே கரையில் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும்போது ஒருவர் இறந்தால் எழுதப்படும் சொல் வேறு: இழப்பீடு. நிவாரணம் அரசு மனமிரங்கிக் கொடுப்பது. இழப்பீடு கேட்டுப் பெறுவது, மறுத்தால் வழக்காடிப் பெறுவது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் யாருக்குக் குறைந்தது, யாருக்கு அப்படியே நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நீச்சல் குள விபத்தில் சட்டம் இன்றும் தடுமாறுவதற்கான காரணம் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னையில் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கொண்டுவரும். கடல் கொந்தளித்தால் கட்டுமரக்காரர்கள் கூடவே வருவார்கள். படகு கவிழ்ந்தால் தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்குவது அவர்கள் பொறுப்பு. ஆபத்து இருக்கும் இடத்தில் மீட்க ஆள் நிறுத்தும் வழக்கம் இக்கரைக்கு அவ்வளவு பழையது. மீட்கப் போனவனே மூழ்கினால் அவன் வீட்டுக்கு யார் பொறுப்பு என்பதற்கு மட்டும் அன்றைய சட்டத்தில் விடை இல்லை. ஒருவரின் மரணத்துக்காக அவர் குடும்பம் வழக்குத் தொடர முடியாது என்பதே ஆங்கிலேயர் கொண்டுவந்த பொதுச் சட்டத்தின் நிலை.

அந்தக் கதவை முதலில் திறந்தது 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டம். ஆனால் திறந்த கதவு குறுகலானது. எதிராளியின் தவற்றையோ கவனக்குறைவையோ குடும்பமே நிரூபிக்க வேண்டும். கணவனை இழந்து நிற்கும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்று சொல்லத் தேவையில்லை.

சுமை இறங்கியது தொழிலாளிக்குத்தான். தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய அதே 1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குவோரும், கப்பலைப் பழுதுபார்ப்போரும், வண்ணம் பூசுவோரும் அதன் அட்டவணையில் இடம்பெற்றார்கள். யார் தவறு என்ற கேள்வியைச் சட்டம் பின்னுக்குத் தள்ளியது. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்ததா என்பதே முதன்மைக் கேள்வியானது.

அந்தச் சட்டத்தின் இழப்பீட்டுக் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 30 வயதுத் தொழிலாளி இறக்கிறார். 2020-இல் நிர்ணயித்த ஊதிய வரம்பு மாதம் ரூ.15,000. அதில் பாதி 7,500. 30 வயதுக்கு அட்டவணை தரும் காரணி 207.98. இரண்டையும் பெருக்கினால் ரூ.15,59,850. முதலாளி இதைக் குடும்பத்தின் கையில் நேரே கொடுத்தால் அது சட்டப்படி கொடுத்ததாகாது. இழப்பீட்டு ஆணையரிடம் செலுத்த வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீத வட்டி ஏறும். ஏழைக் குடும்பத்தை மிரட்டியோ மயக்கியோ சொற்பத் தொகைக்குக் கையெழுத்து வாங்குவதைத் தடுக்க எழுதப்பட்டதே ஆணையரிடம் செலுத்தும் விதி. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இம்முறையையே உள்வாங்கிக்கொண்டது.

இந்த உரிமைக்கும் தண்ணீரின் ஓரத்தில் ஓர் எல்லை இருந்தது. 1952-இல் போர்பந்தர் அருகே உப்பளத் தொழிலாளர்கள் கழியைக் கடக்க ஏறிய படகு கவிழ்ந்து பலர் மூழ்கினார்கள். அது பொதுப் படகு, அவர்கள் இன்னும் வேலையிடத்தை எட்டவில்லை என்று கூறி 1958-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தையும் அத்திப்பட்டு, வல்லூர் உப்பளங்களையும் அறிந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு தூரத்துக் கதையாகத் தோன்றாது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தையும் வேலை விபத்தாகக் கொள்ளும் பிரிவு 2010-இல்தான் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) சட்டத்தில் சேர்ந்தது. அதே விளக்கம் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 ஜூலையில். அந்த உப்பளக் குடும்பங்கள் கேட்ட நியாயம் சட்டமாக எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தொழிலாளி அல்லாதவருக்கு நடந்தது வேறு. அபாயகரமான பொருளை வைத்திருப்பவரே அதன் விளைவுக்குப் பொறுப்பு என்ற ஆங்கிலக் கோட்பாடு 1868-இல் ஒரு நீர்த்தேக்கம் உடைந்த வழக்கில் பிறந்தது. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அதை விதிவிலக்கற்ற முழுப் பொறுப்பாக உயர்த்தியது. ஆலைகள் நிறைந்த மணலியும் எண்ணூரும் இந்தக் கோட்பாட்டுக்கென்றே அமைந்த நிலங்கள். ஆனால் 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், தவற்றை நிரூபிக்காமலே உயிரிழப்புக்குத் தருவதாக அறிவித்த தொகை ரூ.25,000.

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மீனவர்களும் மாணவர்களும் எர்ணாவூர்க் கரையில் நின்று அந்தக் கரிய கூழை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கழிமுகத்தில் இறங்கியபோது அரசு ரூ.8.68 கோடி அறிவித்தது. நேரடியாகப் பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ.7,500, 787 படகுகளைச் சீர்செய்யத் தலா ரூ.10,000. அறிவிப்பில் இருந்த சொல் நிவாரணம்.

நீச்சல் குளம் இந்த இரு பாதைக்கும் நடுவே விழுகிறது. ஓர் இடத்தைத் தன் வசம் வைத்திருப்பவருக்கு அங்கு வருவோர் மீதுள்ள பொறுப்பை வரையறுக்க இங்கிலாந்தில் 1957-இலேயே தனிச்சட்டம் வந்தது. இந்தியாவில் இன்றுவரை அப்படியொன்று இல்லை. 1972 ஆகஸ்டில் டெல்லியின் ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றின் குளத்தில் குதித்த ஜெர்மானியத் துணை விமானி தலையில் அடிபட்டு முடங்கினார். வழக்கு நடக்கும்போதே 1985-இல் இறந்தார். 1997-இல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.சி. லகோத்தி, உயர்ந்த கட்டணம் வாங்கும் ஹோட்டலுக்கு உயர்ந்த அளவு கவனக் கடமை உண்டு என்று கூறி ரூ.50 லட்சம் விதித்தார். மேல்முறையீட்டில் 2002-இல், வாதியின் மரணத்தோடு வழக்கும் அற்றுப்போயிற்று என்று அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழிந்தும் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு நல்ல திருப்பமும் உண்டு. 1995-இல் பள்ளிச் சுற்றுலாவில் பியாஸ் ஆற்றில் மூழ்கிய 14 மாணவர்களின் பெற்றோருக்குத் தலா ரூ.5 லட்சம் தரவேண்டும் என்பதை 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆசிரியரின் அலட்சியத்துக்குப் பள்ளி பொறுப்பு என்பது அதில் நிலைபெற்றது. 2012 ஆகஸ்டில் சென்னை கே.கே. நகரில் பள்ளிக் குளத்தில் நான்காம் வகுப்புச் சிறுவன் இறந்தபோது நகரமே அதிர்ந்தது. ஆனால் சேலத்துப் பல்கலைக்கழகம் ஒன்று தொடர்பான வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரா என்றது. நீச்சல் பயிற்சியும் அந்த விலக்கில் அடங்கும் என்று பெயர் சொல்லியே எழுதியது. லக்னோவில் கோடைமுகாமுக்குக் கட்டணம் வாங்கிய பள்ளியின் குளத்தில் மாணவர் இறந்த வழக்கில் இதே கேள்வியை ஆராய உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு குழந்தையைத் தண்ணீரில் இறக்குவது சேவை ஆகாது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரே குளத்தில், ஒரே நாளில் இருவர் இறந்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் குளத்தைக் கழுவும் 30 வயதுத் தொழிலாளி, மற்றவன் நீந்த வந்த சிறுவன். தொழிலாளியின் குடும்பத்துக்கு அட்டவணையும் ஆணையரும் இருக்கிறார்கள். சிறுவனின் பெற்றோர், உயிர்காப்பாளர் நின்றாரா, ஆழம் எழுதியிருந்ததா என்று தாங்களே சாட்சி தேடவேண்டும். வாகனங்களுக்குக் கட்டாயக் காப்பீட்டை 1939-ஆம் ஆண்டுச் சட்டமே கொண்டுவந்துவிட்டது. கட்டணக் குளங்களுக்கும் அத்தகைய கட்டாயக் காப்பீட்டை, தவறு நிரூபிக்கத் தேவையில்லாத வடிவில், நீட்டுவதில் சட்டச் சிக்கல் எதையும் நான் காணவில்லை.

பெற்றோர் அறிய வேண்டியது இன்னொன்று. 1855-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்குத் தொடரக் கெடு இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். நுகர்வோர் புகாருக்கும் 2 ஆண்டுகள்தான். காவல் நிலையத்தில் பதிவான அலட்சிய மரண வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு நிற்காது. முதல் தகவல் அறிக்கையின் நகலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கைக்கு வந்தவுடனே உரிமையியல் வழக்குக்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.