டார்ச் போன் காலம்

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு அதுதான். அந்தக் காலத்தில் வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு போகும். 2003 மே மாதம் இன்கமிங் இலவசமானது; அதற்குப் பிறகுதான் எங்கள் மன்னார்குடிப் பக்கம் விவசாயி சட்டைப் பையில் செல்போன் ஏறியது. அந்த வருஷமே நோக்கியா 1100 வந்தது.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் என்பதால் அந்த மாடலின் வயிற்றையும் நான் அறிவேன். கேமரா கிடையாது, கலர் கிடையாது, எஃப்.எம். கூடக் கிடையாது. உச்சியில் குட்டியாக ஒரு விளக்கு மட்டும் உண்டு. சி பட்டனை அழுத்திப் பிடித்தால் எரியும். மாடல் நம்பர் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. "டார்ச் போன் இருக்கா தம்பி?" என்றுதான் வருவார்கள்.

காரணம், பம்பு செட்டுக்கு மும்முனை கரண்ட் முறை வைத்து வந்தது. பாதி நாள் ராத்திரியில்தான். மோட்டார் போட வரப்பில் நடக்கிறவருக்குப் பாம்புதான் பயம். ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் போன்.

பட்டன்கள் ஒரே ரப்பர் விரிப்பாக இருந்ததால் தூசி உள்ளே இறங்காது. ஈரக் கையில் வழுக்காதபடி பக்கவாட்டில் சொரசொரப்பு. போனை அணைத்து வைத்தாலும் அலாரம் அடிக்கும். சார்ஜை மிச்சம் பிடிக்க இரவில் அணைத்துவிடுகிற பால்காரருக்கு அதைவிட என்ன வேண்டும்? பிஎல்-5சி பேட்டரி ஒருமுறை ஏற்றினால் நாள் கணக்கில் நிற்கும். 2012-ல் மாவட்டங்களில் பாதி நாளுக்கும் மேல் மின்வெட்டு இருந்தபோது, அந்தப் போனை நிமிர்த்தி வைத்துத்தான் பல வீடுகளில் சோறு பரிமாறினார்கள்.

உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற அந்த மாடலின் உற்பத்தி 2009-ல் நின்றது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையும் 2014-ல் மூடப்பட்டது. பிஎல்-5சி மட்டும் இன்னும் ஓடுகிறது, கையடக்க எஃப்.எம். பெட்டிகளில் அதே அளவு பேட்டரிதான்.

புதுப் போன் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பெட்டியில் அச்சடித்த வசதிகளை எண்ணாதீர்கள், உங்கள் வேலையில் எது குறைகிறதோ, அதைக் கொடுக்கிற போனை வாங்குங்கள்.